மூஸுக்கு எந்தக் கலிபர்? இடியன் துவக்கில் இருந்து .30-06 வரை

கேள்வி கேட்ட தம்பி கனடாவில், அல்பேர்ட்டா மாகாணத்து எட்மன்டனில் இருக்கிறார். தாய்வழி ஊர் புதுக்குடியிருப்புப் பக்கம். இந்த வருடக் குலுக்கலில் அவருக்கு மூஸ் (அங்கத்தைய மிகப் பெரிய மான் இனம்) வேட்டை அனுமதி விழுந்திருக்கிறது, முதல் வேட்டை. கலிபர் என்பது துவக்குக் குழலின் அகலம், அங்குலக் கணக்கில்; தோட்டாவுக்கும் அதை வைத்தே பெயர். கடைக்காரர் .300 வின்செஸ்டர் மக்னம் எடுங்கள் என்கிறாராம். வேலையிடத்து நண்பர் .270 காணும் என்கிறாராம். இணையத்தில் பார்த்தால் 6.5 கிரீட்மோரை விட்டால் வேறு ஒன்றுமே இல்லை என்பதுபோல் எழுதியிருக்கிறதாம். “எதை வாங்குவது? என் அம்மப்பா இடியன் துவக்காலேயே மரை விழுத்தினவர் என்று அம்மா சொல்லுவா. அப்படியென்றால் இவ்வளவு பெரிய ரைபிள் எதற்கு?” என்று முடித்திருக்கிறார்.

சுருக்கமாகச் சொன்னால் .30-06 அல்லது .308. இரண்டில் எது நல்ல விலைக்குக் கிடைக்கிறதோ, எதன் பிடங்கு தோளில் ஒழுங்காக உட்காருகிறதோ அது. 165 முதல் 180 கிரெயின் (ஏறத்தாழ 11 முதல் 12 கிராம்) வரை எடையுள்ள, உள்ளே போய்ச் சிதறாத சன்னம். 200 மீற்றருக்கு அப்பால் வெடி வைப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு. இவ்வளவும் போதும், கடைக்குப் போகலாம். ஏன் என்று கேட்கிறவர்களுக்குத்தான் மிச்சம்.

நான் பத்தொன்பது வருடம் அல்பேர்ட்டாவில் இருந்தவன். அந்த நாட்டுக் காடுகளில் பல புரட்டாதி, ஐப்பசிகளைக் கழித்தவன். இப்போது ஒட்டுசுட்டான் பக்கம் தோட்டத்தோடு இருக்கிறேன். இங்கிருந்து எழுதுகிறேன் என்பதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் மரைக்கும் மானுக்கும் வெடி வைப்பது குற்றம்; 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பயிர்க் காவலுக்கு என்று அனுமதிப் பத்திரத்தோடு கிடைப்பது ‘பன்னிரண்டு போர்’ என்கிற, புரியில்லாத குழல் துவக்குத்தான், ரைபிள் இல்லை. ஆகவே கீழே உள்ளதை வாசித்துவிட்டு முத்தையன்கட்டுக் காட்டுக்குள் யாரும் இறங்கவேண்டாம். கலிபர் பேச்சு முழுவதும் அல்பேர்ட்டாவுக்கு.

சரி, அம்மப்பாவின் இடியன்.

இடியன் என்றால் வாய்வழியாக இடித்து நிரப்பும் துவக்கு. குழலுக்குள் புரி (சன்னத்தைச் சுழலவைக்கும் திருகு வெட்டு) கிடையாது, வெறும் வழுவழுப்புக் குழாய். மருந்து, அதற்குமேல் தும்பு, பிறகு ஈயக்குண்டு, மறுபடியும் தும்பு. ஒரே ஒரு வெடி. அது பிசகினால் அடுத்ததை இடித்து முடிப்பதற்குள் மரை அடுத்த கிராமத்தில் நிற்கும்.

என் பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது. எண்பதுகளின் தொடக்கம், எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஆவணியில் சின்னக் குளங்கள் வற்றிப்போனால் காட்டுக்குள் இருக்கும் மோட்டை ஒன்றில்தான் தண்ணீர் மிஞ்சும். அதன் கரையில் ஒரு வீரை மரத்தில் பரண். ஒருநாள் என்னையும் ஏற்றிவிட்டார். பின்நிலவு வந்து கனநேரத்துக்குப் பிறகு ஒரு ஆண் மரை இறங்கியது. எனக்கு நெஞ்சு அடித்ததில் மரமே ஆடுவதுபோல இருந்தது. பெரியப்பா அசையவே இல்லை. மரை எங்களைப் பார்த்தபடி நின்று குடித்தது, அவர் விட்டார். திரும்பிப் பின்பக்கம் காட்டியது, விட்டார். பிறகு பக்கவாட்டில் நின்று, எங்கள் பக்கத்து முன்னங்காலை ஒரு அடி முன்னே வைத்தது. வெடி அப்போதுதான் கேட்டது. தூரம் இருபது யாருக்கு (அறுபது அடிக்கு) மேல் இராது. அந்தக் கால் முன்னே போகும்போதுதான் தோள்பட்டை விலகி நெஞ்சறை திறக்கும் என்பதைப் பிற்பாடு இறைச்சி வெட்டும்போது காட்டித் தந்தார். கலிபர் என்ற சொல்லை அவர் தன் வாழ்நாளில் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆக, இடியன் வேலை செய்ததற்குக் காரணம் மூன்று: பெரிய குண்டு, சின்னத் தூரம், காத்திருக்கத் தெரிந்த மனிதன். பன்னிரண்டு போர் என்பதே ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து உருட்டிய குண்டு போகும் வாய் என்பதால் வந்த பெயர், விட்டம் 18.5 மில்லிமீற்றர். நீங்கள் கேட்கிற .30 கலிபர் 7.8 மில்லிமீற்றர். அகலத்தைப் பார்த்தால் அம்மப்பாவின் துவக்கு உங்கள் ரைபிளைக் காட்டிலும் பெரியது. வேகம்தான் இல்லை. நாற்பது யார் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்று அதைச் செய்த கொல்லனுக்கும் தெரியாது.

ஆனால் அம்மா சொல்லாத பாதி ஒன்று உண்டு. வேட்டைக் கதைகளில் விழுந்த மரைதான் வரும். அடுத்த வருடம் அதே மோட்டையில் வேறொருவர் வைத்த வெடி பின்னால் தள்ளி வயிற்றில் பட்டது. இருட்டில் தேடினோம், கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காகம் கத்திய பக்கம் போனால் ஒரு முதிரைக்கு அடியில் கிடந்தது. படுத்த இடத்தைச் சுற்றி மண் முழுவதும் குளம்பால் கிண்டியிருந்தது. செத்தது அன்று காலையில்தான் போல. இறைச்சி ஒருவருக்கும் ஆகவில்லை. நான் கலிபரைப்பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் கண்ணில் வருவது பெரியப்பா விழுத்திய மரை இல்லை, இதுதான். எதை வாங்கினால் இது நடக்காது என்பதுதான் உண்மையான கேள்வி. எது பலமானது என்பது வேறு கேள்வி.

இனி எண்களுக்கு வருவோம். எங்கள் சனத்துக்குக் கலிபர் என்றால் போர்க்காலத்து ஐம்பது கலிபர் இயந்திரத் துவக்குத்தான் நினைவுக்கு வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அதனால் சிலர், இராணுவத் துவக்கான ரி-56ஐ நினைத்து, கேட்பார்கள்: “ரி-56உம் 7.62, .308உம் 7.62, இரண்டும் ஒன்றுதானே?” இல்லை. 7.62 என்பது குழலின் அகலம் மட்டும். ரி-56 இன் தோட்டாக் கோது 39 மில்லிமீற்றர் நீளம், .308 இனுடையது 51, .30-06 இனுடையது 63. கோது நீண்டால் மருந்து கூடும். முதலாவது 8 கிராம் சன்னத்தை ஏறத்தாழ 2,000 யூல் சக்தியோடு அனுப்பும். .308 ஏறத்தாழ 3,600, .30-06 ஏறத்தாழ 3,900. ஒரே அகலம், இரட்டிப்பு வேலை.

பெயர்களை நம்பவும் கூடாது. .30-06 இல் 06 என்பது 1906, அமெரிக்க இராணுவம் அதை எடுத்துக்கொண்ட ஆண்டு. .30-30 இல் இரண்டாவது 30 ஆண்டு இல்லை, பழைய மருந்து எடை. .270 இன் சன்னம் உண்மையில் .277 அங்குலம். .303 இன் சன்னம் .303 கூட இல்லை, .311 அல்லது .312. பெயர் வைத்தவர்கள் விற்பனைக்கு வைத்தார்கள், அளந்து வைக்கவில்லை.

கடையில் ஒரு அட்டவணை காட்டுவார்கள், கலிபருக்கு எதிரே சக்தி. உயர்தரத்தில் கணிதம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், அரை எம் வி வர்க்கம். வேகம் இருமடங்கானால் சக்தி நான்கு மடங்கு. அதனால் இலேசான சன்னத்தை வேகமாக ஓடவிட்டால் அட்டவணையில் எண் அழகாக ஏறும். மூஸ் அந்த அட்டவணையை வாசிப்பதில்லை. அது விழுவது இரண்டு நுரையீரலுக்குள்ளாலும் ஒரு ஓட்டை போய், இரத்தம் இறங்கி, மூளைக்கு ஒட்சிசன் நின்றுபோவதால். வளர்ந்த ஆண் மூஸ் 400 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். இங்கத்தைய மரையைப்போல் இரண்டு மடங்கு. நெஞ்சின் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் ஒரு முழத்துக்கு மேல். இடையில் தோல், விலா, சிலவேளை தோள்பட்டை எலும்பு. சன்னம் உள்ளே விரியவும் வேண்டும், விரிந்தபிறகு நிற்காமல் போகவும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான வேலை. கலிபருக்கு விவாதிக்கிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

இதற்கு ஒரு நல்ல கதை உண்டு, மூஸ் கதையே. 1946இல் ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் .300 எச் அண்ட் எச் மக்னத்தோடு மூஸ் வேட்டைக்குப் போனார். அது அந்தக் காலத்துப் பெரிய துவக்கு. அவர் சுட்டது சேறு காய்ந்து அப்பிய தோலோடு நின்ற ஒரு ஆண். சன்னங்கள் மேலேயே உடைந்து சிதறின, உள்ளே போகவில்லை. திரும்பி வந்து அவர் வேறு கலிபர் தேடவில்லை, சன்னத்தை மாற்றினார். நடுவில் செப்பில் ஒரு தடுப்புச் சுவர், முன்பாதி ஈயம் விரியும், பின்பாதி ஈயம் சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து தள்ளிக்கொண்டு போகும். 1948இல் விற்பனைக்கு வந்த அந்த நொஸ்லர் பார்ட்டிஷன் இன்றைக்கும் விற்கிறது.

வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வன்னியில் வயல் காத்த எவருக்கும் இது தெரியும். வாய்க்காலில் புரண்டு, பாலை மரத்தில் உரஞ்சி, சேறு காய்ந்து ஓடு மாதிரியான தனியன் பன்றிக்கு ஐம்பது யாரில் எஸ்.ஜி. (சில பெரிய ஈயக்குண்டுகள் அடங்கிய தோட்டா) வைத்துப் பாருங்கள். உறுமிவிட்டுப் போகும். அடுத்தநாள் இரவும் கச்சானுக்கு வரும்.

ஆகவே தோட்டாப் பெட்டியில் என்ன கலிபர் என்று பார்த்தபின் அதற்குக் கீழே உள்ள வரியைப் பாருங்கள். ஈயத்தையும் செப்பு உறையையும் ஒட்டவைத்த சன்னம், பார்ட்டிஷன், முழுச்செப்புச் சன்னம், இந்த மூன்றில் ஒன்று இருக்கட்டும். முழுச்செப்பு 1989இல் பார்ன்ஸ் எக்ஸ் வந்ததோடு பரவியது. எடை அப்படியே மிஞ்சும், நன்றாக ஊடுருவும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இறைச்சியில் ஈயத் துகள் என்ற பயமும் இல்லை. மலிவான சாதாரண மான் தோட்டா மூஸின் தோள் எலும்பில் பட்டால் நொஸ்லருக்கு நடந்ததுதான் நடக்கும். விரியவே விரியாத இராணுவத் தோட்டா அல்பேர்ட்டாவில் பெருவிலங்குக்குச் சட்டப்படி கூடாது. ஊசி மாதிரி ஒரு ஓட்டை போட்டுவிட்டுப் போகும். மிருகம் மைல் கணக்கில் ஓடிச் சாகும்.

அதே சட்டம் .23 கலிபருக்குக் கீழே பெருவிலங்கைச் சுடக்கூடாது என்கிறது. எனவே .223 வெளியே, .243 உள்ளே. உள்ளே என்பதற்காக .243 ஐ மூஸுக்கு எடுத்துப் போகாதீர்கள். மானுக்கு அருமையான துவக்கு. மூஸுக்கு, எல்லாம் சரியாக அமைந்தால் காணும். காட்டில் எல்லாம் சரியாக அமைவதில்லை.

இப்போது உதை. கடைக்காரர் சொல்லாத சங்கதி இதுதான், எனக்குச் செலவு வைத்ததும் இதுதான்.

நான் முதலில் வாங்கியது .300 வின்செஸ்டர் மக்னம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அறுபத்தெட்டுக் கிலோ, கழுத்தில் மஃப்ளர், தமிழன். “மூஸ் என்றால் இது வேண்டும்” என்று எடுத்து வைத்தார். 1963இல் வந்த துவக்கு, நல்ல துவக்கு, அதில் ஒரு பிழையும் இல்லை. பிழை என் தோளில். ஏறத்தாழ எட்டு இறாத்தல் ரைபிளில் .308 சுமார் 17 அடி-இறாத்தல் உதைக்கும், .30-06 சுமார் 20. .300 மக்னம் 26ஐத் தொடும். 20க்கும் 26க்கும் என்ன வித்தியாசம் என்று நினைப்பீர்கள். மேசையில் வைத்து இருபது தோட்டா சுட்டுவிட்டு அன்று இரவு சட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

நோவு பரவாயில்லை, இரண்டு நாளில் போய்விடும். போகாதது வெருட்சி. விசையை அழுத்தும் நொடியில் கண் தானாக மூடும், தோள் முன்னே தள்ளும், குழல் தாழும். செய்கிறவருக்குத் தெரியாது. ஒரு சிநேகிதர் எனக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு வெற்றுத் தோட்டாவைப் போட்டுத் தந்தார். விசை ‘டிக்’ என்றது, வெடி இல்லை. ஆனால் துவக்கின் வாய் ஒரு சாண் கீழே குத்தியது. அத்தனைபேர் முன்னிலையில். அந்தச் சனிக்கிழமையை நான் மறக்கமாட்டேன்.

அதற்கு முந்தின பருவத்தில் நூறு மீற்றரில் நின்ற ஒரு மூஸைத் தவறவிட்டதற்குக் காற்றைக் குறை சொல்லியிருந்தேன். நல்லவேளை முழுவதாகவே தவறியது. ஒரு அடி தள்ளிப் பட்டிருந்தால் முதிரைக்கு அடியில் கிடந்த மரைதான் திரும்பவும்.

அதை விற்றுவிட்டு, பழைய .30-06 ஒன்று வாங்கினேன், பாதி விலைக்கு. மிஞ்சிய காசுக்குத் தோட்டா. அந்தத் துவக்கு எனக்குத் தந்த முதல் மூஸ் கிராண்ட் பிரெய்ரிக்கு வடக்கே, வில்லோப் பற்றை ஓரம், அளந்தால் 140 மீற்றர். பெரியப்பா சொன்னபடி முன்னங்கால் நகரும்வரை பார்த்து நின்றேன். வெடித்தது. மூஸ் அப்படியே நின்றது! பட்டதாக ஒரு அடையாளமும் இல்லை. தவறிவிட்டது என்றே நினைத்து இரண்டாவதையும் அதே இடத்தில் வைத்தேன். ஒரு முப்பது அடி நடந்து, ஏதோ யோசித்ததுபோல நின்று, சரிந்தது. உரித்துப் பார்த்தால் இரண்டு ஓட்டையும் ஒரு கையகலத்துக்குள் இருந்தன, முதலாவதே போதுமாயிருந்தது. மூஸ் அப்படித்தான், செத்ததை அறிவிக்க நேரம் எடுக்கும். நின்றால் இன்னொன்று வையுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். தண்ணீருக்குள் நிற்கும்போது வைக்காதீர்கள். ஏன் என்று, அரைக் கிலோமீற்றர் சேற்றுக்குள்ளால் நானூறு கிலோவைத் துண்டுதுண்டாகத் தூக்கிவந்தவர்களைக் கேளுங்கள்.

மற்றக் கலிபர்கள். நண்பர் சொன்ன .270 பிழையே இல்லை. 1925இல் இருந்து மூஸ் விழுத்துகிற கலிபர், .30-06 இன் குடும்பத்துக் கோதைக் கழுத்தில் ஒடுக்கிச் செய்தது, உதையும் குறைவு. 130 கிரெயினை மானுக்கு வைத்துவிட்டு 150 எடுக்கச் சொல்லுங்கள். கைவசம் .270 இருந்தால் நான் இந்தப் பதிலையே எழுதியிருக்கமாட்டேன்.

6.5ஐப் பற்றி இரண்டு பக்கமும் சத்தம் கூட. ஒரு பக்கம் மந்திரக்கோல் என்கிறது, மறுபக்கம் விளையாட்டுச் சாமான் என்கிறது. கிரீட்மோர் 2007இல் வந்தது. அதன் பெரியண்ணன் 6.5×55 சுவீடனில் 1894இல் இருந்து இருக்கிறது. மூஸை அதிகமாக வேட்டையாடுகிற நாடுகளில் ஒன்று சுவீடன், அங்கே தலைமுறை தலைமுறையாக அதைக்கொண்டு விழுத்துகிறார்கள். அவர்களுடைய விதி சுவாரசியமானது. கலிபரைக் கேட்பதில்லை. மூஸுக்கு, சன்னம் 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் 100 மீற்றரில் 2,000 யூல் இருந்தால் போதும். 9 கிராம்தான் என்றால் 2,700 யூல் வேண்டும். அதாவது இலேசான சன்னம் என்றால் வேகத்தால் ஈடுகட்டு. பாரமானது என்றால் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை. பெரியப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டியிருந்தால் தலையாட்டியிருப்பார். ஒல்லியான நீண்ட 6.5 சன்னம் ஆழமாகப் போகும் என்பதால் அது அங்கே தேறுகிறது. ஆனால் அது, நாயோடு காட்டுக்குள் கிட்டப் போய், அமைதியாக நின்று சுடுகிறவர்களின் துவக்கு. 500 மீற்றரில் மூஸ் சுடலாம் என்று காணொளி போடுகிறவர்களின் துவக்காக அதை வாங்காதீர்கள்.

.303 பற்றியும் கேட்பீர்கள், ஏனென்றால் கனடாவில் அந்தப் பழைய லீ-என்ஃபீல்டு எந்தப் பண்ணை வீட்டுக் கதவு மூலையிலும் நிற்கும். அந்த நாட்டில் அது விழுத்திய மூஸ் எத்தனை என்று கணக்கெடுக்க முடியாது. வடக்கில் காவலிருக்கும் கனடிய ரேஞ்சர்கள் 1940களில் இருந்து சில வருடங்களுக்கு முன்புவரை அதையே வைத்திருந்தார்கள், இப்போது கொடுத்திருப்பது .308. யாராவது கிழவர் அன்பளிப்பாகத் தந்தால் இரு கையாலும் வாங்குங்கள். காசு கொடுத்து வாங்கவேண்டாம், தோட்டா இப்போது தேடவேண்டியிருக்கிறது.

.338, .375? அல்பேர்ட்டாவில் கிரிஸ்லிக் கரடி வேட்டையை 2006இலேயே நிறுத்திவிட்டார்கள், அதனால் அந்தச் சாட்டும் இல்லை. .375 எச் அண்ட் எச் 1912இல் இருந்து ஆபிரிக்காவின் எருமைக்கும் யானைக்கும் உரியது. பல நாடுகளில் ஆபத்தான விலங்குக்குச் சட்டம் கேட்கும் ஆகக் குறைந்த கலிபர் அதுதான்.

பெரிய துவக்கு பற்றிய பேச்சில் இலங்கையை விடமுடியாது. 1840களில் இங்கே வந்து யானை சுட்ட சாமுவேல் பேக்கர் 21 இறாத்தல் எடையுள்ள ஒரு ரைபிளைப் பிரிஸ்டலில் செய்வித்துக் கொண்டுவந்தார். அது மூன்று அவுன்ஸ் குண்டு சுடும். உங்கள் 180 கிரெயின் சன்னம் அவுன்சில் பாதிகூட இல்லை. அவருக்குப் பிறகு ஆபிரிக்காவில் பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார், பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர் மவுசர் மாதிரியான சின்னத் துவக்குகளால். இணையத்தில் சின்னக் கலிபர்க் கட்சிக்காரர் எல்லாரும் பெல்லின் பெயரைச் சொல்லித்தான் சத்தியம் செய்வார்கள். பெல் யானையின் மண்டையோட்டை வாளால் நெடுக்காக அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று பார்த்து மனப்பாடம் செய்தவர் என்பதைச் சொல்லமாட்டார்கள். நீங்கள் பேக்கரும் இல்லை, பெல்லும் இல்லை. சனி ஞாயிறு லீவில் போகிற ஆள். நடுவில் நில்லுங்கள்.

.308உம் .30-06உம் அந்த நடு. எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா இருக்கும், எல்லா வகைச் சன்னமும் இருக்கும். தோட்டாவை வீட்டில் மறந்துவிட்டு நானூறு கிலோமீற்றர் ஓடிப்போன பிறகுதான் இதன் அருமை தெரியும். இரண்டுக்கும் இடையில் கட்டாயம் தேர்ந்தெடுக்கச் சொன்னால், 165 கிரெயினோடு நிற்பவருக்கு .308, 180க்கும் மேலே போக நினைப்பவருக்கு .30-06. .308 துவக்கு சற்றுக் கட்டை, பற்றைக்குள் கொண்டுபோக வசதி. வேறு வித்தியாசம் சொல்லுகிறவர் உங்களுக்கு எதையோ விற்கப் பார்க்கிறார்.

தூரம்: .30-06இல் 180 கிரெயினை 200 மீற்றருக்குச் சரிபார்த்து வைத்தால், 300இல் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடத் தாழும். அந்தக் கணக்கைத் துவக்கில் ஒட்டிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒட்டவில்லை, 200ஐத் தாண்டி நின்றால் கிட்டப் போவேன், போக முடியாவிட்டால் பார்த்துவிட்டு வருவேன். குறிபார்க்கும் ஸ்கோப் 3 முதல் 9 மடங்கு பெரிதாக்குவது போதும், 3இல் விட்டுவிடுங்கள். கண்ணை அதில் ஒட்டி வைக்காதீர்கள், உதைக்கும்போது புருவத்தை வெட்டும். எனக்கு இடது புருவத்தில் மூன்று தையல், மக்னத்தின் நினைவாக. நான் இடதுகைக்காரன்.

பருவத்துக்கு முன் எத்தனை தோட்டா சுட்டுப் பழகவேண்டும் என்று கேட்டால், மேசையில் வைத்துச் சரிபார்க்க இருபது, அதன்பிறகு மேசையைத் தொடாமல் நாற்பது. முழங்காலில் இருந்து, மரத்தில் சாய்ந்து, மூச்சு வாங்க ஓடிவந்து நின்று. கை நடுக்கம் போக மலிவான .22 ஒன்றில் சுட்டுக்கொண்டே இருங்கள், வெருட்சி ஒட்டாது. ஒரு சாப்பாட்டுத் தட்டைச் சாய்த்துவைத்து, நூறு மீற்றரில், காட்டில் நிற்கிற மாதிரி நின்று ஐந்துக்கு ஐந்து விழுகிறதா பாருங்கள். எந்தத் துவக்கில் விழுகிறதோ அதுதான் உங்கள் கலிபர். .308இல் விழுந்து .30-06இல் விழாவிட்டால் .308. வெட்கப்பட ஒன்றுமில்லை.

விழுந்த பிறகு: வயிற்றை உடனே திறந்து ஆற வையுங்கள், அவ்வளவு பெரிய உடம்பு குளிரிலும் உள்ளே சூடு பிடித்து இறைச்சி பழுதாகும். இருநூறு கிலோ இறைச்சி வரும், விற்கக் கூடாது. ஊரில்போல் பங்கு போடுங்கள். வத்தல் போட அங்கே வெயில் கிடையாது. மூஸ் வத்தலை அவணில் ஆகக் குறைந்த சூட்டில், கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து எடுக்கலாம். மிளகும் உப்பும் மட்டும் போடுங்கள்.

கடைசியாக, அம்மப்பாவின் இடியன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கத்தான் வந்தீர்கள் என்று நினைக்கிறேன். அல்பேர்ட்டாவில் வாய்வழி நிரப்பும் துவக்கால் மூஸ் சுடலாம், .44 கலிபருக்குக் குறையக்கூடாது என்பதுதான் நிபந்தனை. இப்போது வருபவை புரி வெட்டிய குழல், நல்ல குறி, நூறு மீற்றர் வரை நம்பலாம். முதல் மூஸை .308ஆல் விழுத்துங்கள். அடுத்த முறை அனுமதி விழுந்தால் எனக்கு எழுதுங்கள், இடியனுக்கு எத்தனை கிரெயின் மருந்து என்று பேசுவோம்.